பழமொழி பேசும் பூமி – 9: முட்டை பிடித்த கை

‘ஆப்பிரிக்கப் பழமொழி’ என்று கைபேசியில் வந்து விழும் வாசகங்கள் பலவற்றுக்கு ஊரும் கிடையாது, பேரும் கிடையாது. 54 நாடுகள் உள்ள கண்டத்தில் எந்த மக்கள், யாரைப் பார்த்து, எதற்காகச் சொன்னது என்று கேட்டால் அனுப்பியவரே விழிப்பார். அதனால் இந்த வாரம் ஒரே ஊர்: கானா நாட்டின் குமாசி, அசாந்தி அரசின் தலைநகர். அசாந்திகள் அகான் இனத்தவர். பேசுவது துவி மொழி. பாசல் மிஷனைச் சேர்ந்த கிறிஸ்டாலர் 1879-இல் அச்சிட்ட தொகுப்பில் மட்டும் 3,600 துவிப் பழமொழிகள் இருக்கின்றன.

அவற்றைத் தொகுப்பில் படிப்பதைவிட, அந்த மக்கள் கையில் பிடித்திருந்த பொருள்களில் பார்ப்பதுதான் சுவை.

19-ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலம்வரை அங்கே பொன்துகள்தான் பணம். வியாபாரி தன் பையில் சிறு தராசு, பித்தளைக் கரண்டி, துகள் போட்டுவைக்கும் டப்பி, எடைக்கற்கள் எல்லாம் கட்டிக்கொண்டு போவார். விற்பவர் ஒருமுறை நிறுத்தால், வாங்குபவர் தன் கற்களை எடுத்து இன்னொருமுறை நிறுப்பார். பேரமே அங்கேதான் சூடுபிடிக்கும். மிகச் சிறிய அளவுக்கு விதைகள் உண்டு. நம்மூர்ப் பொற்கொல்லர் வைத்திருந்த அதே குன்றிமணிதான்.

எடைக்கற்களை மெழுகில் உருச் செய்து, மண் பூசிச் சுட்டு, பித்தளை ஊற்றி வார்த்தார்கள். சில சமயம் மெழுகுகூட இல்லை. நிஜ வண்டையோ வேர்க்கடலையையோ மண்ணுக்குள் வைத்துச் சுட்டுவிடுவார்கள். அது கரிந்து விட்டுப்போன இடத்தில் பித்தளை இறங்கும். தோலின் வரிகூடத் தப்பாது. எல்லாக் கல்லிலும் பழமொழி தேட வேண்டாம். பெரும்பாலானவை வெறும் கோடும் கட்டமும்தான். ஆனால் இருவாச்சிப் பறவையைக் கவ்விய பாம்பு ஒன்று உண்டு. தரையில் கிடக்கிற பாம்புக்கும் வானத்தில் பறக்கிற இருவாச்சி கிடைத்துவிட்டது என்பது பழமொழி. பாம்பிடம் கடன் வாங்கிப் பறந்துபோன இருவாச்சி, வறட்சியில் தண்ணீர் தேடி இறங்கி வந்து மாட்டிக்கொண்டதாகக் கதையும் சொல்வார்கள். கடன் தீர்க்க வந்தவர் முன்னால் அந்தக் கல்லைத் தராசில் வைத்தால், வேறு பேச்சு எதற்கு?

அரண்மனையில் இதைவிட நயம். அரசரிடம் யாரும் நேரே பேச முடியாது. ‘ஒச்சியாமே’ என்கிற அவைப் பேச்சாளர் வழியாகத்தான் பேச வேண்டும். அவர் கையில் ஒரு கோல். அதன் உச்சியில் தங்கத் தகடு போர்த்திய மரச் சிற்பம். ஒரு கோலில் முட்டையைப் பிடித்த கை. அதிகாரமும் முட்டையும் ஒன்று: இறுக்கினால் உடையும், தளர்த்தினால் விழும். அரசரின் ஆளே அரசரின் பக்கத்தில் அதைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்! நம் அமைச்சர்களின் உதவியாளர் ஒருவரிடம் அப்படி ஒரு கோலைக் கொடுத்துப் பார்க்கலாம்.

இன்னொரு கோலில் உணவு மேசையும் இரண்டு ஆட்களும். சோறு உரியவனுக்கு, பசித்தவனுக்கு அல்ல என்று பொருள். பட்டினிக்காரனை விரட்டும் பேச்சல்ல இது. அரியணைக்கு ஆசைப்படுகிறவனுக்கு, அதற்கு உரிமையாளன் ஒருவன் இருக்கிறான் என்று காட்டுவது.

1874-இல் பிரிட்டிஷ் படை குமாசியைச் சூறையாடியது. அந்த நூற்றாண்டில் கொள்ளைபோனவை உட்பட 32 பொருள்களை, 2024-இல் இரண்டு லண்டன் அருங்காட்சியகங்கள் குமாசியின் மான்ஹியா அரண்மனைக்கு அனுப்பிவைத்தன. திருப்பித் தரவில்லை, மூன்று ஆண்டுக் கடன். கையெழுத்து நேரத்தில் மேசைக் கோலை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.

(தொடரும்)