புல்வெட்டும் மெஷினுக்கு எந்த ஆயில், எவ்வளவு?

களைக்கொல்லி வேண்டாம்னு முடிவெடுத்துட்டா, தஞ்சாவூர்ப் பக்கம் வரப்புப் புல்லை அடக்க அரிவாளும் புல்வெட்டும் மெஷினும்தான் வழி. ஆள் கிடைக்காத சம்பா நேரத்தில் மெஷின் நின்றுபோனால், ‘இந்த ஒரு தடவைதானே’ என்று களைக்கொல்லி டப்பா வீட்டுக்குள் வந்துவிடும். அதனால் ஆயிலில் கவனம் வேணும்.

டூ-ஸ்ட்ரோக் என்ஜினுக்குத் தனி ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில்தான் பிஸ்டன், பேரிங் தேயாமல் காக்குது. பிறகு எரிந்து புகையாகப் போகுது. (ஃபோர்-ஸ்ட்ரோக் மெஷினுக்குக் கலக்கவே கூடாது.)

நான் வாங்குவது ‘ஜாசோ எஃப்டி’ முத்திரை உள்ள சிந்தெடிக் 2டி ஆயில். விலை கூடுதல்தான். ஆனால் புகையும் குறைவு, பிளக்கிலும் சைலன்சரிலும் படியும் கரியும் குறைவு. அந்தப் புகைக்குள் நிற்பது நாமதானே? பைக் என்ஜின் ஆயிலோ பழைய கழிவு ஆயிலோ ஊற்றாதீங்க.

அளவு மெஷினோட புத்தகத்தில் இருக்கும். 50:1 என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. 25:1 என்றால் 40 மில்லி. சிந்தெடிக் என்பதற்காகக் குறைச்சா பிஸ்டன் பிடிச்சுக்கும். மூடிக் கணக்கு வேண்டாம். மருந்துக்கடை சிரிஞ்சில் அளந்துக்கலாம். கேனில் பாதி பெட்ரோல், ஆயில் விட்டுக் குலுக்கி, மீதி பெட்ரோல் விட்டு மறுபடி குலுக்குங்க. அப்புறம்தான் டேங்க்.

இப்போ பெட்ரோலில் எத்தனால் கலந்து வருது. அது ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழையில் கலவையைச் சேர்த்து வைக்காம, ரெண்டு மூணு நாள் வேலைக்கு மட்டும் கலங்க. சீசன் முடிஞ்சதும் டேங்கைக் காலி செய்து, என்ஜின் தானா நிற்கும்வரை ஓட விடுங்க. மிஞ்சினதை அதே அளவு கேட்கும் பக்கத்து மெஷினுக்குக் கொடுங்க. வாய்க்காலில் மட்டும் ஊற்றாதீங்க. அது அடுத்த வயலுக்கும் போற தண்ணி.