அரிப்புக்கெல்லாம் அலர்ஜிச் சோதனையா?

செமினி வட்டாரத் தோட்டத் தோழர்களே! கை அரித்தால் போதும், "அண்ணே, அலர்ஜி டெஸ்ட் எடுக்கலாமா?" என்கிறீர்கள். காசைச் செலவழிக்குமுன் இதைப் படியுங்கள்.

களைக்கொல்லி பட்டுத் தோல் வெந்தாலும், பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் அமிலம் தெறித்தாலும் அது அலர்ஜியல்ல, காயம். நன்றாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி டாக்டரிடம் போங்கள். "உன் உடம்பு வாகு அப்படி" என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். பாராகுவாட் 2020இல் தடையானது. மற்ற மருந்துகள் இன்னும் இருக்கின்றன. அங்கே கேட்க வேண்டியது சோதனையல்ல, பாதுகாப்புச் சாமான்.

அப்போ சோதனை எப்போ? வேலை நாளில் சொறி கூடி, லீவில் குறைந்தால். கையுறை போட்ட இடம் மட்டும் புண்ணானால். ரப்பர் கையுறையில் சேர்க்கும் ரசாயனமே காரணமாகலாம். முதுகில் மருந்து ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்க்கும் சோதனை இதற்குப் பொருந்தும். இறால் தின்றதும், குளவி கொட்டியதும் உடம்பு தடித்தால், தோலில் குத்தியோ இரத்தம் எடுத்தோ பார்ப்பார்கள். மூச்சுத் திணறினால் முதலில் ஆஸ்பத்திரி, சோதனை பிறகு.

என்ன வேலை, எந்த மருந்து, எப்போது அரித்தது என்று எழுதிக் கொண்டு போங்கள். அந்த விவரமில்லாத சோதனை ஆளைக் குழப்பிவிடும். வேலையால் வந்த தோல் நோய் என்று டாக்டர் உறுதி செய்தால், 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி சொக்சோவில் மனுச் செய்யலாம். டாக்டர் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்!