சட்டை தைத்துக்கொள்ளும் புழு

"சார், காய்ஞ்ச ஓலை நடக்குது சார்!"

நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி செம்பனை ஓலைத் துண்டு ஒன்றை என் மேசைமேல் வைத்தாள். உண்மையில் ஓலைத் துணுக்கு ஒன்று அதன்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது!

மலாய்க்காரர்கள் 'உலாட் பூங்குஸ்' என்று சொல்லும் பைப்புழுதான் அது. மெட்டிசா பிளானா என்பது நூற்பெயர். முட்டையிலிருந்து வெளிவந்ததும் பட்டு நூல் விட்டுத் தொங்கும். காற்றடித்தால் பக்கத்து மரத்திற்குப் பயணம். சேர்ந்த இடத்தில் ஓலையைச் சுரண்டி, துணுக்குகளை நூலால் ஒட்டிச் சட்டை தைத்துக்கொள்ளும். உடல் வளர வளரச் சட்டைக்கும் ஒட்டுப் போடும். முழுதாக வளர்ந்தாலும் பை ஒரு செண்டிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

ஆணுக்குச் சிறகு முளைத்து, சின்ன அந்துப்பூச்சியாகப் பறந்துவிடும். பெண்ணுக்குச் சிறகே இல்லை. வளர்ந்த பையே அதற்குப் புகுந்த வீடு. உள்ளிருந்தபடியே வாசனையால் ஆணை வரவழைத்து, நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளைப் பைக்குள் இட்டுவிட்டு மடியும். பிறப்பு முதல் இறப்பு வரை ஏறக்குறைய மூன்று மாதம். "பாவம் சார்" என்றாள் மாணவி.

பாவந்தான். ஆனால் இவை பெருகினால் ஓலைகள் தீய்ந்தாற்போல் பழுத்துக் கருகும், காய்ப்புக் குறையும். தோட்டத்தில் அது யார் வயிற்றில் அடிக்கும் என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"மருந்தடிச்சா செத்துடாதா சார்? எங்கம்மாதான் அடிப்பாங்க" என்றாள்.

1960-களின் தொடக்கத்தில் அப்படித்தான் எண்ணினார்கள். எல்லாப் பூச்சியையும் கொல்லும் கடும் மருந்துகளை அடித்தார்கள். புழுவோ முன்னிலும் அதிகமாயிற்று! புழுவைத் தின்று வந்த பூச்சிகளும் சேர்ந்து மாண்டதே காரணம். பூச்சியியலார் பிரையன் வூட் இதையெல்லாம் ஆராய்ந்து 1968-இல் நூலாகவே எழுதினார். இப்போது பெரும்பாலும் புழுவின் வயிற்றை மட்டும் தாக்கும் நுண்ணுயிர் மருந்தைத் தெளிக்கிறார்கள். 2013-இல் அரசாங்கம் பைப்புழுவை ஆபத்தான பூச்சியாக அறிவித்தது. கண்டவர் தெரிவிக்க வேண்டும்.

ஐந்து பைகளைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு, வாயைத் துணியால் கட்டி வகுப்பில் வைத்தோம். மூன்றாம் வாரம் ஒன்றிலிருந்து அந்துப்பூச்சிக்குப் பதிலாக எறும்பளவு குளவி ஒன்று வந்தது! புழுவின் உடலையே தின்று வளர்ந்த குளவி. பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தக் குளவிகளுக்குத் தேன் வேண்டும் என்றுதான் தோட்டப் பாதையோரம் 'எட்டு மணிப் பூ'ச் செடியை நடுகிறார்கள்.

எங்கள் பள்ளி வேலியோரமும் இப்போது ஒரு வரிசை இருக்கிறது. ஓய்வு மணி அடித்ததும் பிள்ளைகள் குளவி பார்க்க ஓடுகிறார்கள். உச்சிப்பொழுதானால் பூ சுருங்கிவிடுமே!