'ஸ்கேனர் கிடைக்கவில்லை' என்று வருகிறதா? கோளாறு மெஷினில் இல்லாமலும் இருக்கலாம்! ட்வைன் என்றால் என்ன?

மார்க் ஷீட், பட்டா, சாதிச் சான்றிதழ்... எதைக் கொண்டு போனாலும் 'ஸ்கேன் பண்ணி அப்லோடு பண்ணுங்க' என்பதுதான் இப்போது எங்கும் கேட்கும் பதில். ஆனால் கம்ப்யூட்டரை மாற்றியதும், நேற்று வரை நன்றாக ஓடிய ஸ்கேனரை 'கிடைக்கவில்லை' என்று திரை காட்டும். பவர் இருக்கிறது, கேபிளும் சரியாக இருக்கிறது. அப்புறம் என்னதான் பிரச்னை?

பல நேரங்களில் சிக்கல் இருப்பது ஸ்கேனருக்கும் சாஃப்ட்வேருக்கும் நடுவில். அந்த நடுப்பகுதிக்கான பொது விதிமுறைகளில் முக்கியமானது 'ட்வைன்'. அது எப்படி வேலை செய்கிறது? பார்க்கலாம் வாங்க.

100 வேலை 20 ஆனது எப்படி?

ஸ்கேனரைத் தயாரிப்பது ஒரு நிறுவனம், சாஃப்ட்வேர் எழுதுவது இன்னொரு நிறுவனம். சந்தையில் 10 வகை ஸ்கேனர், 10 சாஃப்ட்வேர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் மற்றொன்றோடு தனித்தனியாக இணைக்க 100 புரோகிராம் எழுத வேண்டும். எல்லோரும் ஒரே பொது மொழியில் பேசினால், ஆளுக்கு ஒன்று என 20 போதும்.

இதற்காகத்தான் 1992-ல் கோடாக், ஹெச்.பி., லாஜிடெக், ஆல்டஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து ட்வைன் விதிமுறையைக் கொண்டுவந்தன. பழைய ஆங்கிலத்தில் 'ட்வைன்' என்றால் 'இரண்டு' என்று அர்த்தம். கிழக்கையும் மேற்கையும் பற்றி ரட்யார்ட் கிப்ளிங் எழுதிய கவிதையில் இருந்து எடுத்த பெயர் இது. கம்ப்யூட்டரையும் ஸ்கேனரையும் இணைப்பது அந்தக் காலத்தில் அவ்வளவு கஷ்டமாக இருந்தது!

உள்ளே இருப்பது மூன்று பேர்

முதல் ஆள், நீங்கள் திறக்கும் சாஃப்ட்வேர். மூன்றாவது ஆள், ஸ்கேனர் நிறுவனம் தரும் 'டேட்டா சோர்ஸ்'. டிரைவர் போன்ற இதற்குத்தான் அந்த மெஷினின் நெளிவு சுளிவு தெரியும். இருவருக்கும் நடுவில் நிற்பவர் 'சோர்ஸ் மேனேஜர்'. எந்தெந்த ஸ்கேனர் இருக்கிறது என்று பட்டியல் காட்டுவதும், சொன்னதை அந்தப் பக்கம் கொண்டு சேர்ப்பதும் இவர் வேலை.

7 படிகள்.. ஒன்றைத் தாண்டினாலும் சிக்கல்!

ட்வைன் புரோகிராம் எழுதுபவர்கள் முதலில் படிப்பது 7 நிலைகளைத்தான். எதுவும் தொடங்காத நிலை 1. சோர்ஸ் மேனேஜரை ஏற்றினால் 2, திறந்தால் 3. ஸ்கேனரைத் திறந்தால் 4, இயக்கினால் 5. படம் தயாரானால் 6, படம் வந்துகொண்டிருந்தால் 7.

மாடிப்படி மாதிரிதான் இது. ஒவ்வொன்றாக ஏற வேண்டும், வேலை முடிந்ததும் ஒவ்வொன்றாக இறங்க வேண்டும். நடுவில் சாஃப்ட்வேர் கிராஷ் ஆகி, இறங்காமலே நின்றுவிட்டால், ஸ்கேனர் இன்னும் யாரோ பயன்படுத்துவதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். சில சமயம் மெஷினை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

4-வது படியில்தான் பேரம் நடக்கும். '300 டிபிஐ முடியுமா? இரண்டு பக்கமும் எடுப்பாயா?' என்று சாஃப்ட்வேர் கேட்கும். கேட்ட அளவு இல்லையென்றால், அதற்கு அருகில் உள்ள அளவை ஸ்கேனர் வைத்துக்கொள்ளலாம். அதனால் விவரமான புரோகிராமர், கேட்டதோடு விடாமல் என்ன கிடைத்தது என்று திரும்பவும் சரிபார்ப்பார்.

கலரா, கருப்பு வெள்ளையா என்பதும் இங்கேதான் முடிவாகும். ஏ4 தாளை 300 டிபிஐ-யில் கலரில் எடுத்தால், சுருக்குவதற்கு முன் சுமார் 26 எம்பி. கிரேஸ்கேலில் சுமார் 9 எம்பி. வெறும் கருப்பு வெள்ளை என்றால் 1 எம்பி-யை ஒட்டித்தான் வரும். 'ஃபைல் சைஸ் அதிகம்' என்று வெப்சைட் திருப்பி அனுப்பினால், முதலில் பார்க்க வேண்டியது இந்த செட்டிங்கைத்தான்.

கம்ப்யூட்டர் மாறினால் ஏன் தகராறு?

இங்கேதான் 32 பிட், 64 பிட் விவகாரம் வருகிறது. டேட்டா சோர்ஸ் என்பது சாஃப்ட்வேருக்கு உள்ளேயே ஏறி ஓடும் ஒரு துண்டு. 64 பிட் சாஃப்ட்வேருக்குள் 32 பிட் துண்டு ஏறாது. பழைய ஸ்கேனருக்கு நிறுவனம் 32 பிட் டேட்டா சோர்ஸ் மட்டுமே கொடுத்திருந்தால், புது சாஃப்ட்வேரின் பட்டியலில் அதன் பெயரே வராது. மெஷின் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது!

இன்னொரு குழப்பமும் உண்டு. விண்டோஸ் பட்டியலில் ஒரே ஸ்கேனர் இரண்டு முறை தெரியும். ஒன்றின் முன்னால் 'டபிள்யூ.ஐ.ஏ.' என்று இருக்கும். அது மைக்ரோசாஃப்ட்டின் சொந்த வழி. ஒன்று வேலை செய்யாவிட்டால், இன்னொன்றைத் தேர்வு செய்து பார்க்கலாம்.

வெப்சைட்டில் நேரடியாக ஸ்கேன் செய்ய முடியாதா?

பாதுகாப்புக்காக, பிரவுசரில் திறக்கும் பக்கம் ட்வைன் டிரைவரை நேரடியாகத் தொட முடியாது. அதனால்தான் சில அலுவலக வெப்சைட்டுகள் 'முதலில் இந்த சின்ன சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்யுங்கள்' என்று கேட்கின்றன. பிரவுசருக்கும் ஸ்கேனருக்கும் நடுவில் அது தூது போகும். கேட்பது உண்மையான வெப்சைட்தானா என்று உறுதி செய்த பிறகே இன்ஸ்டால் செய்ய வேண்டும்.

டிரைவரே இல்லாமல்..

இப்போது வரும் பல நெட்வொர்க் ஸ்கேனர்களில் 'இஎஸ்சிஎல்' என்ற முறை இருக்கிறது. ஆப்பிள் இதை 'ஏர்ஸ்கேன்' என்கிறது. வெப்சைட்டைத் திறக்கும் அதே முறையில், வைஃபை வழியாகவே ஸ்கேனரோடு பேசலாம். தனி டிரைவர் தேவையில்லை. ட்வைன் குழுவும் இதே பாணியில் 'ட்வைன் டைரக்ட்' கொண்டுவந்திருக்கிறது.

பழைய மெஷினை எடைக்குப் போடும் முன்..

* உங்கள் மாடலுக்கு 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று நிறுவனத்தின் வெப்சைட்டில் தேடுங்கள்.
* இல்லையென்றால், 32 பிட் ஸ்கேனிங் சாஃப்ட்வேரில் முயன்று பாருங்கள். 64 பிட் விண்டோஸிலும் அது ஓடும்.
* லினக்ஸில் 'சேன்' என்ற இலவச அமைப்பு இருக்கிறது. நிறுவனம் கைவிட்ட பல பழைய மாடல்கள் அதில் இன்னும் ஓடுகின்றன.
* புதிதாக வாங்குகிறீர்களா? 'எத்தனை டிபிஐ' என்று கேட்பதோடு, 'ட்வைன் இருக்கா? டிரைவர் இல்லாமல் ஓடுமா?' என்றும் கேளுங்கள்.

கண்ணாடியும் பல்பும் பல வருஷம் உழைக்கும். டிரைவர் நின்றுபோனால் அத்தனையும் ஒரே நாளில் வீண். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் மெஷின், எல்லோருக்கும் பொதுவான மொழியைப் பேசுகிறதா என்று பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம்.