கிதாரில் சுரக்கூட்டும் நிலைமாற்றும்

விழுப்புரம், திண்டிவனம் முதலிய ஊர்களின் ஆலயங்களில் கீர்த்தனைகளுக்குக் கிதார் துணைசெய்யக் கேட்கின்றோம். ஆறு நரம்புகளையும் ஒருங்கே முழக்குவதால், பாடும் முதியோரின் குரல் அமிழ்ந்துபோதலும் உண்டு. நாமும் இக்குற்றம் செய்தவரே. இதற்கு மருந்து ஜாஸ் இசையாரின் முறையில் உளது.

ஒரே வேளையில் ஒலிக்கும் சுரங்களின் கூட்டே கார்டு எனப்படும். ச, க, ப என்னும் மூன்றும் அடிப்படை. அவற்றுடன் காகலி நிஷாதம் சேர ஏழாம் கார்டும், அதன்மேல் சதுசுருதி ரிஷபமும் சேர ஒன்பதாம் கார்டும் ஆம். ச அடியில் நிற்பின் இயல்நிலை. பிறிதொன்று அடியில் நிற்பின் நிலைமாற்று. சொற்கள் இடம் பெயரினும் பொருள் கெடாத கொண்டுகூட்டினை இதற்கு உவமையாகக் கூறலாம்.

மேனாட்டு ‘ஸி’ சுரத்தை ச எனக் கொள்வோம். ச க ப நி என்று நெருங்கி நிற்கும் கூட்டின் நிலைமாற்றுகளுக்குக் கிதாரில் பெரும்பாலும் விரல் எட்டாது. ஆகவே மேலிருந்து இரண்டாவதாகிய பஞ்சமத்தை ஒரு ஸ்தாயி கீழிறக்குவர். ப ச க நி என்றாகும். நான்காம், மூன்றாம், இரண்டாம் நரம்புகளில் 5ஆம் மெட்டையும், மிக மெல்லிய முதல் நரம்பில் 7ஆம் மெட்டையும் அழுத்துக. அடுத்த நிலைக்கு அந்நரம்புகளில் முறையே 9, 9, 8, 8 ஆம் மெட்டுகள். நி க ப ச ஒலிக்கும். வெஸ் மான்ட்கோமெரி (1923–1968) என்பார் இத்தகைய கூட்டுகளாலேயே பாட்டின் நடையை வாசித்துப் புகழ் பெற்றார்.

ஒன்பதாம் கார்டுக்குச் சுரம் ஐந்து; நாம் கொண்ட நரம்போ நான்கு. எதனை விடுவது? கார்டின் இயல்பைக் காட்டுவன க, நி, அவற்றை விடலாகாது. சட்ஜத்தை ஆர்மோனியத்துக்கு விட்டு, முதற்பிடியில் மூன்றாம் நரம்பை 5இலிருந்து 7ஆம் மெட்டுக்கு மாற்றுக. ச நின்றவிடத்தில் ரி வரும். அடியில் ச ஒலியாதாயின் இப்பிடியே ‘ஈ மைனர்’ ஏழாம் கார்டாகச் செவிக்குத் தோன்றும். ஆதலின் தனியே வாசிப்போர் விழிப்புடனிருத்தல் வேண்டும்.

இன்னொன்று: இராகத்துக்குப் புறம்பான சுரம் சேர்த்தல் தகாது. மோகனத்தில் நி இல்லை. ஆண்டு நி சேர்ப்பின் இராகம் கெடும். அதற்கு அந்நான்கு நரம்புகளையும் 5ஆம் மெட்டில் ஒரே விரலால் அழுத்துக. ப ச க த ஒலிக்கும். நான்கு நரம்பே மெல்ல ஒலிப்பின், பாடுவோர் குரலும் கீர்த்தனையின் சொல்லும் தெளிவுறக் கேட்கும். துணைவாத்தியத்துக்கு அதனினும் சிறந்த பணி யாதுளது?