1905ஐ வடக்கிலிருந்து பார்த்தல்

சுயநிர்ணய உரிமை பற்றி எம்மவர் மத்தியில் நடந்த விவாதங்கள் பெரும்பாலும் 1905ஐத் தொட்டே வந்திருக்கின்றன. அவ்வாண்டு ஓகஸ்ட் வாக்கெடுப்பில் சுவீடனிலிருந்து பிரிவதற்கு ஆதரவாக 368,208 பேரும் எதிராக 184 பேரும் வாக்களித்தனர். போர் இன்றி நோர்வே தனி அரசாயிற்று. 1914இல் ரோசா லுக்சம்பேர்க்குக்கு மறுப்பெழுதிய லெனின் இதையே முன்னுதாரணமாகக் காட்டினார். அரசறிவியல் விரிவுரையாளனாக இருந்த காலத்தில் நானும் அந்த ஆண்டைக் கரும்பலகையில் எழுதியவன். உதாரணம் இன்றும் செல்லுபடியாகும். ஆயின் அதற்கு ஒரு வடக்குப் பக்கம் உண்டு என்பதைப் புத்தகம் சொல்லவில்லை. இந்த ஊர் சொன்னது.

2008இலிருந்து நான் வாழ்வது நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கில், பாரென்ட்ஸ் கடலோரத்து மீன்பிடி ஊரொன்றில். தொழிற்சாலையில் கீழிருந்து வெளிச்சம் வரும் மேசையில் கொட் மீனின் சதையைப் பரப்பி, முள்ளும் புழுவும் பார்த்து வெட்டி எடுப்பது வேலை. எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து இவ்வூர்களுக்கு வந்த எம்மவரிற் பலர் பின்னர் ஒஸ்லோவுக்கு இறங்கிவிட்டனர். "ஏன் அண்ணை இன்னும் அந்த இருட்டுக்குள்ள கிடக்கிறியள்?" என்று அங்கிருந்து தொலைபேசியில் கேட்பார்கள். நவம்பர் கடைசியிலிருந்து சனவரி நடுப்பகுதிவரை சூரியன் எழுவதில்லை என்பது உண்மைதான். ஒரு நாட்டை அதன் தலைநகரிலிருந்து மட்டும் பார்த்துவிட்டு அதைப் பற்றிக் கட்டுரை எழுதுவதும் ஒருவகை இருட்டு என்று நான் பதில் சொல்வதுண்டு.

இப்பகுதியின் ஆதிக்குடிகள் சாமி மக்கள். (நம் காதுக்கு அது கடவுளின் பெயராக விழும், இங்கோ அவர்கள் நீண்டகாலம் கீழே வைக்கப்பட்டவர்கள்.) பின்லாந்து வழிவந்த க்வென் மக்களும் உள்ளனர். 1898இல் வந்த ஒரு சுற்றறிக்கை, வகுப்பறையில் சாமி மொழியைத் தவிர்க்கவே முடியாத இடத்தில் மட்டும் பயன்படுத்துமாறு ஆசிரியர்களைப் பணித்தது. 1902இன் காணிச் சட்டமும் அதன் விதிகளும், பின்மார்க்கில் அரச காணியை நோர்வேஜிய மொழியைப் பேசவும் வாசிக்கவும் எழுதவும் தெரிந்து, அதை அன்றாடம் புழங்குபவருக்கே விற்கலாம் என்றன. இது 1965வரை நடைமுறையில் இருந்தது. ரஷ்ய எல்லைக்கு அண்மையில், நெய்டன் என்ற ஊரில், சிறுவரை வீட்டுமொழியிலிருந்து பிரித்து வளர்க்கும் அரச விடுதிப்பள்ளி திறக்கப்பட்ட ஆண்டு 1905. அதே 1905.

தன் விடுதலையை வாக்குச்சீட்டால் பெற்ற தேசம், தனக்குள் இருந்த சிறியதற்கு அதே காலத்தில் செய்தது இது. எங்கள் 1956இன் தனிச்சிங்களச் சட்டம் அரச உத்தியோகத்தைப் பிடித்தது. அதைப் பத்திரிகையில் படித்தோம், எதிர்த்தோம், அடிவாங்கினோம். இங்கு கைவைக்கப்பட்டது காணியிலும் குழந்தையிலும். கலவரம் எதுவும் தேவைப்படவில்லை. எதிர்க்கவேண்டிய தலைமுறைக்கே தன் மொழியைப் பற்றி வெட்கம் ஏற்படுத்தப்பட்டுவிட்டது.

இதன் முழு அர்த்தம் எனக்குச் சட்டநூலிற் கிடைக்கவில்லை. பக்கத்து மேசையில் நின்ற, இப்போது ஓய்வுபெற்றுவிட்ட ஒரு கடலோரச் சாமிப் பெண் சொன்னார்: அவருடைய தாய் பாட்டியோடு சாமி மொழியிற் பேசுவாராம், தொழுவத்தில் மாட்டோடும் பேசுவாராம். பிள்ளைகளோடு மட்டும் பேசமாட்டாராம், அவர்கள் பள்ளிக்கூடத்தில் அவமானப்படக் கூடாதென்பதற்காக. இவருக்கு அந்த மொழியில் இன்று நினைவிருப்பவை மாட்டை அதட்டும் சொற்கள் மாத்திரம்.

1944 பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் எம்மவர் இவ்வூர் மக்களோடு மிக எளிதாக ஒன்றிப்போகும் இடம் அது. அவ்வாண்டு ஒக்டோபரில் பின்வாங்கிய ஜேர்மன் படை பின்மார்க்கை எரித்தபடி சென்றது. சுமார் 50,000 பேர் கட்டாயமாகத் தெற்கே கொண்டுசெல்லப்பட்டனர். ஏறத்தாழ 25,000 பேர் குகைகளிலும் புல்மண் குடில்களிலும் ஒளிந்திருந்தனர். ஹம்மர்பெஸ்ட் நகரில் இடுகாட்டுச் சிற்றாலயம் ஒன்றே மிஞ்சியது. போர் முடிந்ததும், இப்போதைக்குத் திரும்பவேண்டாம் என்று அரசு தடுத்தபோதும் மக்கள் திரும்பினர். 1995 ஒக்டோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உணவறையில் இக்கதையும் அக்கதையும் ஒன்றாகப் பேசப்பட்டிருக்கின்றன.

ஆனால் அதற்குப் பின் நடந்ததைக் கவனிக்கவேண்டும். எரிந்த ஊர்கள் அரசு வகுத்த ஒரேமாதிரி வரைபடத்தில், ஒரேமாதிரி வீடுகளாக எழுந்தன. பழைய குடிலோடும் தொழுவத்தோடும் சேர்ந்து பழைய மொழியும் கரையோரத்தில் வேகமாகக் கரைந்தது. எல்லோரும் ஒன்றாக இழந்தோம், ஒன்றாகக் கட்டுவோம் என்ற பேச்சில், யார் எதை இழந்தார் என்று தனித்துக் கேட்பது நன்றிகெட்ட செயலாயிற்று. 2009க்குப் பின் 'உள்முரண்பாடு பேசும் நேரம் இதுவல்ல' என்று நமது கூட்டங்களில் எழும் குரலை இப்போது நான் வேறு காதாற் கேட்கிறேன்.

மிகுதி வரலாறு ஓரளவு அறியப்பட்டதே. அல்த்தா ஆற்றில் அணைகட்டும் திட்டத்தை எதிர்த்து 1979இல் சாமி இளைஞர் ஒஸ்லோவில் நாடாளுமன்றத்தின் முன் உண்ணாவிரதமிருந்தனர். 1981 சனவரியில் சுமார் 600 பொலிசார் மறியற்காரரை அகற்றினர். அணை கட்டப்பட்டது. எனினும் அப்போராட்டத்தின் விளைவாக 1989இல் கரஷொக்கில் சாமி நாடாளுமன்றம் திறக்கப்பட்டது. நம்மிற் பலர் இத்துடன் கதையை நிறுத்திச் சமஷ்டிக்கு நற்சான்று வழங்குவர். மீன் தொழிற்சாலையில் நிற்பவனுக்கு அடுத்த ஆண்டும் தெரியும். கொட் மீன் குறைந்ததால் 1990இல் படகுவாரிப் பங்கீடு வந்தது. முந்திய சில ஆண்டுகளிற் பிடித்த அளவே தகுதி. அதே ஆண்டுகளில் கடல்நாய்க் கூட்டங்கள் குடாக்களுக்குள் புகுந்து மீனை இல்லாமற் செய்திருந்தன. சிறுபடகு வைத்திருந்த கடலோரச் சாமிகள் பலர் தகுதியிழந்தனர். மன்றம் கிடைத்த மறு ஆண்டே கடல் போயிற்று. கடலின் பங்கீட்டை முடிவுசெய்யும் அதிகாரம் அந்த மன்றத்துக்கு இருக்கவில்லை.

உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 2023 யூனில் அறிக்கை தந்தது. 2024 நவம்பர் 12இல் நோர்வே நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது. இதை ஏளனம் செய்யமாட்டேன். கொழும்பிலிருந்து நாம் இதிற் பாதியைக்கூடப் பெறவில்லை. ஆனால் இவ்விதழின் வாசகர்களுக்கு இங்கிருந்து ஒரு கேள்வி வைக்கலாம். 1995இல் நாம் பாலம் கடந்த அதே ஒக்டோபர் 30, ஐந்தாண்டுகளுக்கு முன்னர், யாழ்நகர் முஸ்லிம்களுக்கு இரண்டு மணிநேர அவகாசம் கொடுக்கப்பட்ட நாள். 2003 ஒக்டோபரில் புலிகள் முன்வைத்த இடைக்காலத் தன்னாட்சி வரைவு, முஸ்லிம்கள் தமது பங்கை வகுப்பதிற் கலந்துகொள்ளும் உரிமையுடையவர் என்று சொல்லி அவ்வளவில் நின்றது. அதன் பின் புலம்பெயர் மேசைகளில் எத்தனையோ தீர்வுத்திட்டங்கள் எழுதப்பட்டுவிட்டன. வடக்கில் நாம் பெரும்பான்மையாகும் நாளில் மன்னார் முஸ்லிமுக்கும், வன்னியில் குடியேறிய மலையகத் தமிழருக்கும் காணியும் பள்ளியும் கரையும் யார் கையெழுத்தில் கிடைக்கும் என்று எழுதிய ஒரு வரைவு எவரிடமாவது இருந்தால், அடுத்த இதழில் அதை வெளியிடும்படி கேட்கிறேன்.