பனியனின் கணக்கில் வராதவை

திருப்பூர் என்றதும் ஒரு பெருமிதச் சொல்லாடல் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது: டாலர் சிட்டி. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்குமேல் இங்கிருந்துதான் போகிறது. 2021-22ல் அது 30,000 கோடி ரூபாயைத் தாண்டியது. தேசப் பொருளாதாரத்துக்குள் இந்த ஊருக்கு இருக்கும் இடம் இந்த அந்நியச் செலாவணிதான். சரி, இந்தக் கணக்கு எதை உள்ளே எடுக்கிறது, எதை வெளியே தள்ளுகிறது?

ஹோண்டுராஸின் சான் பெத்ரோ சூலாவிலும் பனியன்தான், வாங்குவதும் அமெரிக்கக் கடைகள்தான். ஆனால் அங்கே நூலில் பெரும்பங்கு அமெரிக்காவிலிருந்து வருகிறது. துணியாகித் திரும்பிப் போகிறது. ஆலை முதலாளிகளில் பலர் அந்நியர். திருப்பூரில் நூற்பு, பின்னல், சாயம், தையல் எல்லாமே கொங்கு மண்ணுக்குள். முதலாளியும் ஒரு தலைமுறைக்கு முன் காட்டில் ஏர் பிடித்தவர். "பாடுபட்டு மேல வந்தோமுங்க" என்பார். ஷரத் சாரி 2004ல் வெளியிட்ட நூல் இந்த 'உழைப்பு' என்ற சொல்லையே ஆராய்கிறது: தன் பழைய உழைப்பைச் சொல்லியே இன்னொருவனின் உழைப்பின்மீது அதிகாரம் கொள்வது. அந்நிய முதலாளியை எதிர்ப்பது இதைவிடச் சுலபம் என்றே படுகிறது.

1984ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அதன்பின் வேலையைச் சிறு பட்டறைகளுக்குப் பிரித்துவிடுவது இன்னும் பரவியது. ஒரு பனியன் ஐந்தாறு கூரைகளைக் கடக்கிறது. கூலி உயர்வை யாரிடம் கேட்பது? கான்ட்ராக்டர் கம்பெனியைக் கைகாட்டுவார், கம்பெனி பையரைக் காட்டும். ஒன்றரை ஷிப்ட் மட்டும் யாரையும் கேட்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

சாயமும் இங்கேயே என்பதால் கழிவும் இங்கேயே. பாசனத்துக்கென்று நொய்யலில் 1992ல் கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்க் குட்டையாகிப்போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதுவரை ஆற்றின் விலை பனியனின் விலையில் முழுசாகச் சேர்ந்ததே இல்லை. அதைக் கீழ்ப்புறத்து விவசாயி கொடுத்துக்கொண்டிருந்தார். பல இடங்களில் அவரும் முதலாளியும் சொந்தக்காரர்கள்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது தேசத்துக்கு எத்தனை கோடி நட்டம் என்று கணக்குப் போட்டார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து லைன் வீட்டில் தங்கி பீஸ் ரேட்டுக்குத் தைப்பவனுக்கு, ஆர்டர் நின்றால் அன்றைக்கே கூலியும் நின்றுவிடும்.